ரிப்போர்ட்டை அழித்தால் பூட்டும் போய்விடும்: எஸ்எஸ்ஆர்எஸ்ஸோடு ஒன்பது வருஷம்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பன் போன் பண்ணினான். அவன் கம்பெனியில் ரிப்போர்ட் சர்வர் போடப் போகிறார்களாம். எங்கள் மில்லில் இருப்பது எஸ்எஸ்ஆர்எஸ், அதாவது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், டேட்டாபேஸில் இருப்பதை ரிப்போர்ட்டாக்கி வெப் பக்கத்தில் காட்டுகிற சர்வர். "மச்சி, நீ எஸ்எஸ்ஆர்எஸ்ஸை ரொம்ப நாளா வச்சிருக்கியே, நல்லா இருக்கா?" என்றான். வாய் 'நல்லா இருக்கு' என்று சொல்லப் போக, வயிற்றுக்குள் அந்த மார்ச் மாசச் சாயங்காலம் புரண்டது. "எழுதி அனுப்பறேன்டா" என்று வைத்துவிட்டேன்.

2016 பதிப்பில் புது வெப் போர்ட்டல் வந்த சமயத்தில் எங்கள் மில்லில் போட்டது. நடுவில் 2019, இப்போது 2022. ரிப்போர்ட் வரைவது, சார்ட் போடுவது பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. எனக்குச் சோறும் தலைவலியும் போடுவது போர்ட்டலில் ரிப்போர்ட்டின் மூன்று புள்ளியை அழுத்தி 'மேனேஜ்' போனால் வருகிற பக்கம்தான். பெயர், விளக்கம், பாராமீட்டர் (வருஷம், தேதி மாதிரி ரிப்போர்ட் கேட்கிற மதிப்பு), டேட்டா சோர்ஸ், சப்ஸ்கிரிப்ஷன் (ரிப்போர்ட்டைத் தானாக அனுப்பும் ஏற்பாடு), கடைசியில் செக்யூரிட்டி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும். யாருக்கு அனுமதி இல்லையோ அவர் கண்ணுக்கு அந்த ஃபோல்டரே தெரியாது. ஜி.எம். திறந்தால் ஆறேழு ஃபோல்டர், கேட்டில் லோடு பார்ப்பவர் திறந்தால் ஒரே ஒரு ரிப்போர்ட். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று முகத்தில் அடிக்கிற எழுத்தைப் பார்க்க வாய்ப்பு குறைவு. ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் தானாக இறங்கும். அனுமதியின் வகைக்கு ரோல் என்று பெயர்: பார்க்க மட்டும் என்றால் பிரவுசர், ஏற்றுகிறவருக்குப் பப்ளிஷர், எல்லாம் செய்ய கன்டென்ட் மேனேஜர். கம்பெனி ஆட்களின் விண்டோஸ் கணக்குகள் இருக்கிற ஆக்டிவ் டைரக்டரியின் குரூப்பைக் கோர்த்துவிட்டால் ஆள் வந்தாலும் போனாலும் நாம் அங்கே கை வைக்க வேண்டியதில்லை. அப்படிக் கை வைக்காத மாசங்கள் நிறைய.

இப்போது அந்த மார்ச். மனிதவள ஃபோல்டரில் வருகைப்பதிவு, லீவு, ஓவர்டைம் எல்லாம் இருந்தன. சூப்பர்வைசர் எல்லோரும் பார்க்கலாம். அதே ஃபோல்டரில் இன்கிரிமென்ட் லிஸ்ட்டும் இருந்தது. அதற்கு மட்டும் 'கஸ்டமைஸ் செக்யூரிட்டி' போட்டு, ஃபோல்டரிலிருந்து இறங்கும் அனுமதியை வெட்டி, மூன்றே பேருக்குத் திறந்து வைத்திருந்தேன். எச்.ஆர். மேனேஜர் வந்து, "வருஷம் இன்னும் பழசே வருதுப்பா, புது வருஷத்துக்கு மாத்திடு" என்றார். ரிப்போர்ட் வரைகிற விஷுவல் ஸ்டுடியோவில் பாராமீட்டரின் டீஃபால்ட்டை, அதாவது தானாக வந்து நிற்கிற மதிப்பை மாற்றினேன், டிப்ளாய் பண்ணி சர்வரில் ஏற்றினேன். போர்ட்டலில் பழைய வருஷம். மறுபடி டிப்ளாய். பழைய வருஷம். பிரவுசர் கேஷை அழித்தேன், வேறு மெஷினில் பார்த்தேன். அசையவில்லை.

விஷயம் இதுதான். ரிப்போர்ட் முதல் தடவை ஏறும்போது அதன் பாராமீட்டரை சர்வர் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் ஃபைலில் டீஃபால்ட்டை மாற்றி எத்தனை தடவை ஏற்றினாலும், சர்வரில் இருக்கிறதுதான் நிற்கும். போர்ட்டலில் பாராமீட்டர் பக்கத்துக்குப் போய்க் கையால் மாற்ற வேண்டும். அங்கே அட்மின் மாற்றி வைத்ததை டெவலப்பர் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்ற எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் டிப்ளாய் முடிந்ததும் 'வெற்றி' என்று மட்டும் காட்டிவிட்டு, 'உன் டீஃபால்ட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை' என்று ஒரு வரி சொல்லக் கூடாதா?

எனக்கு அது தெரியாதது இல்லை. அவசரம். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ரிப்போர்ட்டை அழித்தேன், திரும்ப ஏற்றினேன், புது வருஷம் பளிச்சென்று வந்தது. அவரும் சந்தோஷமாகப் போனார், நான் டீக்குப் போனேன்.

திரும்பி வந்தால் ரிங் ஷெட் சூப்பர்வைசர், வயசில் பெரியவர், மேஜையருகே நிற்கிறார். "ஏனுங்க தம்பி, இன்கிரிமென்ட் லிஸ்ட்டை எல்லாத்துக்கும் காட்டறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களா? என் பேரு கீழே இருக்குதுங்க."

ரிப்போர்ட்டை அழித்தபோது அதன் தனி அனுமதியும் சேர்ந்தே அழிந்துவிட்டது. புதிதாக ஏறியது சர்வருக்கு வேறு ஒரு பொருள். அது நல்ல பிள்ளையாக ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொண்டது. சப்ஸ்கிரிப்ஷனும் போயிருந்தது, அதை அப்போது யார் கவனித்தார்கள்.

ரிப்போர்ட் திறந்ததையெல்லாம் சர்வர் குறித்து வைக்கிற எக்ஸிக்யூஷன்லாக்3 என்கிற வியூவைத் திறந்து பார்த்தேன். யார், எத்தனை மணிக்கு, எந்த வடிவத்தில் திறந்தார்கள் என்று வரிசையாக இருந்தது. டீ குடித்த நேரத்துக்குள் ஒன்பது பேர். அதில் இரண்டு வரிகளில் வடிவம் எக்செல். பார்த்தது மட்டுமல்ல, இறக்கியும் வைத்துக்கொண்டார்கள். இந்த லாக் வழக்கமாக 60 நாள் நிற்கும். எனக்கு அது அன்றைக்கே அழிந்திருந்தால் நிம்மதி என்று தோன்றியது. தப்பு என்னுடையது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரே ஒரு பழக்கம். ரிப்போர்ட்டுக்குத் தனி அனுமதி கிடையாது. ரகசியம் என்றால் தனி ஃபோல்டர், பூட்டு ஃபோல்டருக்கு. உள்ளே இருப்பதை நூறு தடவை அழித்து ஏற்றினாலும் வெளியே கசியாது. ஏற்கெனவே எங்கெல்லாம் அனுமதி வெட்டப்பட்டிருக்கிறது என்று போர்ட்டலில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆயுசு போதாது. ரிப்போர்ட் சர்வர் டேட்டாபேஸில் கேட்டலாக் டேபிளில் பாலிசிரூட் என்று ஒரு நெடுவரிசை (column) இருக்கிறது. அது 1 என்று இருந்தால் அந்தப் பொருளுக்குத் தனி அனுமதி. ஒரு செலக்ட் கட்டளை போட்டால் பட்டியல் வந்துவிடும். எங்கள் பட்டியலில் வந்த ஒன்றின் அனுமதியில் வேலையை விட்டுப் போனவர் பெயர்கூட இருந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர் சில ரிப்போர்ட்டுகளை 'ஹைட்' போட்டு வைத்து, பாதுகாப்பு முடிந்தது என்று நினைத்திருந்தார். ஹைட் கண்ணில் படாமல் வைக்கும், அவ்வளவுதான். அனுமதி இருக்கிறவர் லிங்க் தெரிந்தால் நேராகத் திறக்கலாம். பாராமீட்டரிலும் இதே கதை. 'ஹிடன்' என்று வைத்தால் லிங்க்கில் வேறு மதிப்பைக் கொடுத்துத் திறக்க முடியும், 'இன்டர்னல்' என்றால்தான் முடியாது. யூனிட் நம்பரை ஹிடனில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, இவருக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதி இதில் கிடையாது. பத்துப் பேர் குரூப்பில் ஒருவரை மட்டும் தடுக்க வேண்டும் என்றால் ஒன்பது பேருக்கு வேறு குரூப். இதற்கு நான் கோபப்படுவதில்லை. தடையும் அனுமதியும் கலந்த சிஸ்டத்தில் யார் எதைப் பார்க்கிறார் என்று கண்டுபிடிக்கப் பட்ட பாடு இதைவிடப் பெரிது.

மச்சி, உன் கேள்விக்கு வருகிறேன். ஒன்பது வருஷத்தில் இது என்னைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது, நான்தான் சொதப்பினேன். ஆனாலும் புதுசாகப் போடுவதாக இருந்தால் இதைப் போடாதே. எஸ்க்யூஎல் சர்வர் 2025 முதல் எஸ்எஸ்ஆர்எஸ்ஸுக்குப் புதுப் பதிப்பு இல்லை, பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர்தான் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. 2022 பதிப்புக்கு ஆதரவு 2033 ஜனவரி வரை. பவர் பிஐ ரிப்போர்ட் சர்வருக்குப் போனாலும் இதே ஃபோல்டர், இதே ரோல்தான், அதனால் மேலே சொன்னது வீண் போகாது.

நான் மாறுவதாக இல்லை. நேற்றுகூட ஒரு டீஃபால்ட் தேதி மாற மாட்டேன் என்று அடம் பிடித்தது. அழிக்கலாமா என்று கை டெலீட் பக்கம் போனது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பாராமீட்டர் பக்கத்தைத் திறந்தேன்.