ஸ்னைடர் துவக்கு மாதிரி: ஒரு கடைசல்காரனின் மதிப்பீடு

போன மாதம் இலண்டனிலிருந்து வந்த பெறாமகன் ஒரு சிறிய மரப்பெட்டியை என் கையில் தந்தான். உள்ளே பித்தளையிலும் மரத்திலும் செய்த மாதிரி ஒன்று. ஸ்னைடர்-என்ஃபீல்ட் துவக்கின் அடிப்பகுதி மட்டும், பாதி அளவில், உள்வேலை தெரியும்படி ஒரு பக்கம் வெட்டித் திறந்தது. குழல் நான்கு விரற்கடையோடு நின்றுவிடுகிறது, சுடவே முடியாது. அப்படியிருந்தும் முன்னறையில் வைக்க மனைவி சம்மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இப்போது என் பட்டறையில், லேத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

1853 இல் வந்த என்ஃபீல்ட், வன்னி வேட்டைக்காரரின் இடியன் துவக்கைப் போல, வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் இடிக்கும் ஆயுதம். நல்ல கை நிமிடத்துக்கு மூன்று முறை சுடும். பின்பக்கம் தோட்டா போடும் காலம் வந்ததும் பிரித்தானியப் படை அவற்றை வீசிவிடவில்லை. குழலின் அடியில் ஏறக்குறைய இரண்டரை அங்குலத்தை வெட்டிவிட்டு, திறந்து மூடும் அடைப்புக் கட்டையுள்ள புதுப் பகுதியை மரையில் பூட்டினார்கள். ஸ்னைடர் என்பவர் வகுத்த இந்த முறை 1866 இல் ஏற்கப்பட்டது. வேகம் நிமிடத்துக்குப் பத்து வரை ஏறியது.

இந்த மாதிரியில் நான் வியந்தது, தோட்டாவின் பின்புறத்தில் குத்தி வெடிக்கவைக்கும் சுடுமுள்ளைத்தான். பழைய விசைப் பொறியையும் சுத்தியலையும் மாற்றாமல் வைத்துக்கொண்டதால் அடி வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. அடிபட்டதும் தீப்பற்றும் மருந்துப்பொட்டோ தோட்டாவின் நடுவில் இருக்கிறது. அதனால் முள் கட்டைக்குள் சரிவாக ஓடுகிறது. அந்தச் சரிந்த துளையை வெட்டுமுகத்தில் அப்படியே காட்டியிருக்கிறார்கள். துளையிட்ட கைக்குக் கும்பிடு போடலாம். கட்டையை வலப்புறம் புரட்டிப் பின்னால் இழுத்தால் கொக்கி, சுட்டபின் மிஞ்சும் வெற்றுக்கோதை இழுத்து வருகிறது. கோதை வெளியே தள்ள எதுவும் இல்லை. துவக்கைக் கவிழ்த்துத்தான் கொட்ட வேண்டும். மாதிரியையும் கவிழ்த்தேன், பித்தளைக் கோது என் உள்ளங்கையில் விழுந்தது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்தவன் நான். இருக்கும் உடம்பைக் கெடுக்காமல் புது வேலை வாங்குவது எவ்வளவு கடினம் என்று என் விரல்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பொருள் எனக்கு வெறும் அலங்காரம் இல்லை.

குறைகளும் உண்டு. கட்டையை முன்னால் தள்ள வேண்டிய சுருள்வில் இரண்டே நாளில் தளர்ந்துவிட்டது. கம்பி வாங்கி நானே புதிதாகச் சுற்றிப் போட்டேன். மரம் வால்நட் இல்லை, மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். நகத்தால் கீறினால் வெள்ளை தெரிகிறது. கூட வந்த சிறு கையேடு ஸ்னைடரை ஆங்கிலேயர் என்கிறது. அவர் அமெரிக்கர். தன் முறை ஏற்கப்பட்ட அதே 1866 இல் இறந்தும் போனார். அந்த மனிதருக்கு இந்த ஒரு வரியாவது சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதன் விலை 140 பவுண் என்றான் பெறாமகன். அலுமாரியில் வைத்துப் பார்க்க மட்டும் என்றால் அதிகம். மரை வெட்டவும் துளையிடவும் பழகும் பிள்ளைகள் இருக்கும் பட்டறைக்கு வாங்கலாம். என்னிடம் வேலை பழகும் தம்பி நேற்று முழு மத்தியானமும் அந்தச் சரிவுத் துளையின் கோணத்தை அளந்துகொண்டிருந்தான். இன்று காலை ஒரு பித்தளைத் துண்டைப் பிடித்துத் துளையிடத் தொடங்கிவிட்டான்.