நியூயார்க் பொது வீடுகள்: தனியார் கையா, டிரஸ்டா?

குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் குடியிருப்புகளை நடத்தும் நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையத்தின் பேர் கெட்டு ரொம்ப நாளாகிவிட்டது. குழந்தைகளுக்கு நஞ்சான ஈயப் பெயின்ட் விஷயத்தில் விதிகளைக் காற்றில் விட்டதால் 2019-இல் அதன் தலைக்கு மேல் ஒரு கண்காணிப்பாளரையே மத்திய அரசு உட்கார வைத்தது. சரி, இனி இந்தக் கட்டடங்களைச் சீரமைப்பது எப்படி? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியான 'பேக்ட்' (PACT) திட்டத்தில் நிலம் ஆணையத்திடமே இருக்கும். கட்டடம் நீண்டகாலக் குத்தகைக்குப் போகும். அன்றாட நிர்வாகம் தனியாரிடம். இரண்டாவது வழி, 2022-இல் மாநிலச் சட்டம் உருவாக்கிய டிரஸ்ட். அது ஒரு பொது அமைப்பு. அங்கே நிர்வாகம் ஆணைய ஊழியர்களிடமே தொடரும். இரண்டிலும் வாடகை பொதுவாக வருமானத்தில் 30 சதவீதம்தான், அதனால் அதில் பெரிய சண்டையில்லை.

சண்டை ஒப்பந்தங்களில். 2024 பிப்ரவரியில் ஆணையத்தின் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் 70 பேர் மீது லஞ்ச வழக்கு பாய்ந்தது. சின்னப் பழுதுவேலைக்கு டெண்டர் தேவையில்லை. அந்தச் சந்தில்தான் காசு கைமாறியது என்பது குற்றச்சாட்டு. டிரஸ்டிலோ ஒப்பந்த விதிகள் இன்னும் தளர்வு, குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற கட்டாயம் கிடையாது. வேலை வேகமாக நடக்கலாம், ஆனால் ஆட்கள் அதே ஆட்கள்.

பேக்டில் சிக்கல் வேறு. குழாய் ஒழுகினால் கம்பெனியைத்தான் கேட்கவேண்டும். அது அசையாவிட்டால் ஆணையம் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்து வழி தேடவேண்டும்.

டிரஸ்டுக்குப் போகக் குடியிருப்போர் வாக்கெடுப்பு கட்டாயம்; நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள நாஸ்ட்ராண்ட் ஹவுஸஸ்தான் 2023 டிசம்பரில் இப்படி டிரஸ்டைத் தேர்ந்தெடுத்த முதல் குடியிருப்பு. இந்த ஒன்றுக்காகவே என் ஓட்டு டிரஸ்டுக்கு, சின்ன ஒப்பந்தங்களின் கணக்கையும் குடியிருப்போர் பார்க்க முடிந்தால்.