ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி: குமரி மாவட்டக் குடும்பங்களுக்குத் தேறுமா?

ஏஜென்ட் வந்து உட்காரும் முன் குடும்ப வருமானத்தைக் கணக்குப் பாருங்கள். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் முதலில் எடுக்க வேண்டியது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் சேர்த்து நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் ஏறாமல் இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிடுங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான் இந்த அட்டை, காய்ச்சலுக்கு ஓ.பி. சீட்டு எடுக்க உதவாது.

வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்ட குடும்பங்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. மார்த்தாண்டத்தில் சின்னக் கடை வைத்திருப்பவர், இரண்டு ஏக்கர் ரப்பர் உள்ளவர் போன்றோர். அவர்களுக்குத் தோதானது 2020 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனி என்ற மருத்துவக் காப்பீட்டு பாலிசி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஷரத்து ஒன்றேதான், பிரீமியம் மட்டும் வேறுபடும். ஆகவே நாலு கம்பெனியில் விலை கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் பட்டியலையும் பார்த்து முடிவெடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. புதுப்பிக்கும்போது பழைய ரசீதில் வரிக்கு முந்தைய தொகையை எடுத்து ஒப்பிடுங்கள். வரி போன இடத்தில் அடிப்படை பிரீமியம் ஏறியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

இனி குறை. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். அதாவது இரண்டரை லட்சத்துக்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் அறைக்குக் கிடைப்பது அதே 5,000தான். இதைத் தாண்டிய அறையில் படுத்தால் வாடகை வித்தியாசத்தோடு போகாது. மருந்தை விட்டுவிட்டு, டாக்டர், தியேட்டர் போன்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 5 லட்சம் பாலிசி, 8,000 ரூபாய் அறையில் நாலு நாள், மொத்த பில் 1,60,000 என்று வையுங்கள். அதில் அறை 32,000, மருந்து 40,000, டாக்டர், தியேட்டர் எல்லாம் 88,000. அறைக்கு 20,000 வரும், 88,000 எட்டில் ஐந்து பங்காகச் சுருங்கி 55,000 ஆகும், மருந்து முழுசு. சேர்த்தால் 1,15,000, அதிலும் 5 சதவீதம் (கோ-பே, அதாவது எந்த கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய பங்கு) நம் தலையில். கையிலிருந்து போவது 50,750 ரூபாய்! அட்மிஷன் கவுண்டரிலேயே “5,000க்குள் உள்ள அறை போதும்” என்று சொல்லிவிடுவது நல்லது.

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பழக்கம் விளவங்கோடு பக்கம் அதிகம். நெட்வொர்க் பட்டியலை (கையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறக் கம்பெனி ஏற்பாடு செய்துள்ள ஆஸ்பத்திரிகள்) நாகர்கோவில், திருவனந்தபுரம் இரண்டுக்கும் தனித்தனியாகத் தேடிப் பார்க்கவும். பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்ந்தால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் அசல் பில்களை அனுப்ப வேண்டியிருக்கும். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்னால், அவசரம் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும்.

சர்க்கரை, பிரஷர் இருந்தால் விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும். ஏஜென்ட் “அது வேண்டாம், பிரீமியம் கூடும்” என்றால் வேறு ஏஜென்டைப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதத்துக்கு மேல் காக்கவைக்கக் கூடாது என்று 2024 விதி சொல்கிறது. மறைத்தது தெரிந்தால் கிளைமே போய்விடும்.

அப்பா அம்மாவை ஒரே ஃப்ளோட்டரில் (ஒரே தொகையைக் குடும்பம் முழுதும் பகிர்ந்துகொள்ளும் பாலிசி) சேர்க்காதீர்கள். மூத்தவரின் வயதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரீமியம் போடுவார்கள். அவர்கள் ஒருமுறை படுத்தால் பிள்ளைகளுக்கான தொகையும் கரையும். தனி பாலிசிதான் சரி. கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 அல்லது காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு, எது குறைவோ அதுதான் உச்சம். முதல் 24 மாதம் அதுவும் கிடையாது.

தனியறைதான் வேண்டும் என்பவர்கள் இதை எடுக்க வேண்டாம். அறை வரம்பே இல்லாத பாலிசிக்குக் கூடுதலாகக் கட்டுவது அவர்களுக்கு லாபம். ஜெனரல் வார்டு, இருவர் அறை போதும் என்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் எடுத்தால் தாராளமாகத் தேறும்.