ஜிமேட்: மறுபடியும் எழுதுவதா, இருக்கும் மதிப்பெண்ணோடு விண்ணப்பிப்பதா, ஜிஆர்இக்கு மாறுவதா?

மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்து வந்தால், பெரும்பாலோர் முதலில் தாம் விரும்பும் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் சராசரியை எடுத்துப் பார்த்து, அதற்கும் தமக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கணக்கிடுகிறார்கள். அந்த வித்தியாசம் நம் தேவையைச் சொல்லுமே தவிர, மறுபடி எழுதினால் மதிப்பெண் உயருமா என்பதைச் சொல்லாது. அதற்குப் பார்க்க வேண்டிய எண் வேறு: தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில், நேரக் கட்டுப்பாட்டோடு, இடையில் எழுந்து போகாமல் எழுதிய அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்ணுக்கும் உண்மைத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி. கீழே ஒப்பிடும் வழிகளில் எது யாருக்குப் பொருந்தும் என்பதைப் பெருமளவு இந்த இடைவெளியே முடிவு செய்கிறது என்பது என் கணிப்பு.

ஒப்பீட்டுக்கு முன் ஓர் எச்சரிக்கை. 2023 நவம்பரில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே பழைய வடிவத்தின் இடத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்ட இன்றைய ஜிமேட்டின் மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை செல்கிறது; பழையது 200 முதல் 800 வரை சென்றது. இரண்டும் ஒரே அளவுகோல் போலத் தோன்றினாலும் அப்படி அல்ல. இன்றைய 645, பழைய 700க்கு ஏறத்தாழ நிகரானது. பழைய சராசரியோடு புதிய மதிப்பெண்ணை ஒப்பிட்டு மனம் நொந்துபோய் மறுதேர்வுக்குப் பதிவு செய்வோர் இன்றும் இருக்கிறார்கள். புதிய மதிப்பெண் எப்போதும் 5இல் முடியும், பழையது 0இல் முடியும் என்பதை வைத்தே எது எந்த அளவுகோல் என்று தெரிந்துகொள்ளலாம். மூல எண்ணைவிடச் சதமான நிலையை (தேர்வெழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினர் நமக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை) ஒப்பிடுவது இன்னும் பாதுகாப்பானது.

முதல் வழி, விரைவில் மறுபடி எழுதுவது. விதிகள் இதற்குச் சாதகமாகவே உள்ளன: 16 நாள் இடைவெளி விட்டு மீண்டும் எழுதலாம், 12 மாதங்களுக்குள் 5 முறை வரை எழுதலாம், மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு எந்தத் தேர்வின் முடிவை எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆகவே இரண்டாம் முறை சறுக்கினால் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. இந்த வழி யாருக்கு உகந்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ஒருவர் கணிதப் பிரிவில் 84, மொழிப் பிரிவில் 83, தரவுப் பகுப்பாய்வுப் பிரிவில் 76 பெற்று, மொத்தம் 625 எடுத்திருக்கிறார் என்று கொள்வோம். மூன்று பிரிவுகளும் 60 முதல் 90 வரை ஒரே அளவில் மதிப்பிடப்பட்டு, மொத்தத்தில் சமமாகச் சேர்கின்றன. எனவே ஏதேனும் ஒரு பிரிவில் 3 புள்ளி கூடினால் மொத்தத்தில் ஏறக்குறைய 20 புள்ளி கூடும். 84ஐ 87 ஆக்குவது கடும் உழைப்பு. 76ஐ 79 ஆக்குவது அதைவிட எளிது, அதுவே அவரை 645க்குக் கொண்டு சேர்த்துவிடும். பழைய வடிவத்தில் தரவுப் பிரிவின் முன்னோடியாக இருந்த ஒருங்கிணைந்த பகுத்தறிதல் பிரிவு மொத்தத்தில் சேராததால் அதை அலட்சியம் செய்தவர்கள் ஏராளம். அந்தப் பழக்கம் பழைய வழிகாட்டிகள் வழியாக இன்னும் கடத்தப்படுகிறது என்பதால், தரவுப் பிரிவில் மட்டும் பின்தங்கிய மதிப்பெண் அறிக்கையைக் கண்டால் மறுதேர்வை நான் தயங்காமல் ஆதரிப்பேன்.

அதேபோல், மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 655, 665 என்று எடுத்தவர் உண்மைத் தேர்வில் 615இல் நின்றிருந்தால், குறை பெரும்பாலும் பாட அறிவில் இருக்காது. 45 நிமிடத்தில் 21 கணிதக் கேள்விகள் என்றால் ஒன்றுக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். நடுவில் ஒரு கேள்வியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டியவர் கடைசிக் கேள்விகளை விட்டுவிட நேரும், முடிக்காத கேள்விகளுக்குத் தண்டனையும் உண்டு. இத்தகைய சறுக்கலை மூன்று நான்கு வாரங்களில் திருத்த முடியும்.

மாறாக, மாதிரித் தேர்விலும் 615, உண்மைத் தேர்விலும் 615 என்றால், 16 நாள் கழித்து எழுதுவது அதே எண்ணை இன்னொரு முறை பணம் கட்டி வாங்குவதாகும். ஒருவேளை 10, 20 புள்ளி ஏறியிறங்கலாம், அந்த ஏற்ற இறக்கம் எந்தத் தேர்வின் அளவீட்டிலும் இயல்பாக உள்ளதே. இவர்களுக்குத் தேவை பயிற்சி முறையையே மாற்றிய சில மாதங்கள். அதற்கு ஒரு விண்ணப்பச் சுற்றை, சில வேளைகளில் ஓர் ஆண்டையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, இருக்கும் மதிப்பெண்ணோடு விண்ணப்பிப்பது. சராசரி என்றாலே அதற்குக் கீழும் பலர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். பல நிறுவனங்கள் நடுவிலுள்ள 80 சதவீத மாணவர்களின் மதிப்பெண் வீச்சையும் வெளியிடுகின்றன. அதற்குள் வசதியாக அமைந்துவிட்டவர், மறுதேர்வுக்குச் செலவிடும் வாரங்களைக் கட்டுரைகளுக்கும், பரிந்துரை எழுதுவோரிடம் முன்கூட்டியே பேசுவதற்கும் ஒதுக்குவது நல்லது. ஆனால் இதே மதிப்பெண் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தராது. பொறியியலில் நல்ல தேர்ச்சி பெற்றவரின் கணித மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் பட்டச் சான்றிதழே ஈடு செய்துவிடும். இலக்கியமோ வரலாறோ படித்து, எண்களோடு தொடர்பில்லாத வேலையில் இருப்பவருக்குக் கணிதத் திறனைக் காட்ட இந்தப் பிரிவை விட்டால் வேறு சான்று குறைவு. வீச்சின் அடிவிளிம்பில் அத்தகையவர் நின்றால், மொத்த மதிப்பெண் நன்றாக இருந்தாலும் மறுபடி எழுதுவதே மேல்.

மூன்றாவது வழியான ஜிஆர்இ, அதாவது பல மேலாண்மை நிறுவனங்கள் ஜிமேட்டுக்குப் பதிலாக ஏற்கும் பொதுவான முதுநிலை நுழைவுத் தேர்வு, பலர் நினைப்பது போல எளிய தேர்வு அல்ல, வேறு வகையான தேர்வு. 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மொழி, கணிதம் இரண்டும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பிடப்படுகின்றன. கணிதம் முழுவதிலும் திரைக் கணிப்பான் கிடைக்கும், ஒரு பிரிவுக்குள் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுத் திரும்பி வரலாம். ஜிமேட்டில் தரவுப் பிரிவில் மட்டுமே கணிப்பான். விடையளிக்காமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது, பிரிவின் முடிவில் 3 விடைகளை மட்டும் மாற்றலாம். ஆகவே நேர அழுத்தத்தில் தடுமாறுபவருக்கும் பரந்த ஆங்கிலச் சொல்வளம் உள்ளவருக்கும் இந்த மாற்றம் பலன் தரும். அடிப்படைக் கணிதமே தகராறு என்றால், தேர்வை மாற்றினாலும் அது கூடவே வரும். ஜிமேட் கைவிட்ட வடிவியல் அங்கே கூடுதல் சுமையாகவும் சேரும். முடிவெடுக்குமுன் ஒரு முழு ஜிஆர்இ மாதிரித் தேர்வை எழுதி, அதன் சதமானத்தை ஜிமேட் சதமானத்துக்கு அருகில் வைத்துப் பார்ப்பது ஒரு பிற்பகல் வேலைதான்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றதைக் கைவிட வேண்டும் என்பதில்லை. விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பின்னும் உயர்ந்த மதிப்பெண்ணை ஏற்கும் நிறுவனங்கள் உண்டு, ஏற்காதவையும் உண்டு. அதைச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டால், முதல் சுற்றில் இருக்கும் மதிப்பெண்ணோடு விண்ணப்பித்துவிட்டு, சுற்று முடிவதற்குள் மறுதேர்வையும் எழுதலாம். இடம் கிடைத்துவிடும் என்று ஓரளவு நம்புபவர்கூட, உதவித்தொகை முடிவில் மதிப்பெண்ணுக்குப் பங்குண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.