மனிதனைச் செல்லப்பிராணியாக வளர்க்கும் கிரகம்: ஃபென்டாஸ்டிக் பிளானட்

படம் தொடங்கியதுமே கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடுகிறாள், எங்கிருந்தோ ஒரு பெரிய நீலக் கை வந்து வழியை மறிக்கிறது, சுண்டிவிடுகிறது, தூக்கிக் கீழே போடுகிறது, அவள் செத்துப்போகிறாள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கைகள்தான் அவை என்று அப்புறம்தான் தெரிகிறது. எறும்பை விரலால் மறித்து விளையாடிய ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1973-ல் வந்த அனிமேஷன் படம். இயக்கம் ரெனே லாலூ, உருவங்களை வரைந்தவர் ரோலான் தோபோர். அந்தக் கிரகத்தை ஆள்பவர்கள் சிவப்புக் கண் கொண்ட ராட்சத டிராக்குகள். மனிதர்களுக்கு அங்கே 'ஓம்' என்று பெயர். சிலர் கழுத்துப்பட்டை மாட்டிய செல்லப்பிராணிகள், மற்றவர்கள் மருந்தடித்து ஒழிக்கவேண்டிய பூச்சிகள். தாயை இழந்த அந்தக் குழந்தையை திவா என்ற டிராக் சிறுமி டெர் என்று பெயர் வைத்து வளர்க்கிறாள். அவளுடைய ஹெட்செட் பாடத்தை நேராக மூளைக்குள் இறக்கும், அவள் அவனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பதால் அவனுக்கும் எல்லாம் போய்ச்சேர்கிறது, ஒருநாள் அந்தக் கருவியையே இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். வாளும் இல்லை, புதையலும் இல்லை, திருடிப்போவது பள்ளிப்பாடம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வெட்டியெடுத்த காகித உருவங்களை நகர்த்தி எடுத்திருப்பதால் அசைவு கொஞ்சம் விறைப்பாக இருக்கும், முதல் பத்து நிமிடம் உறுத்தும். பிறகு அந்த விறைப்பே டிராக்குகளின் ஈரமில்லாத குணத்துக்குப் பொருந்திவிடுகிறது. விசில் அடித்தால் நொறுங்கும் படிகங்கள், பறந்துவரும் சின்ன உயிர்களைப் பிடித்து உலுக்கி வீசிவிட்டுச் சிரிக்கும் கூண்டுச் செடி என்று ஒவ்வொன்றும் கனவில் வந்தது போல இருக்கிறது, எதற்கும் விளக்கம் கிடையாது, வேண்டவும் வேண்டாம்.

குறை என்றால் முடிவுதான். மொத்தமே 72 நிமிடம், அதில் இவ்வளவு பெரிய பகையைக் கடைசியில் அவசர அவசரமாகத் தீர்த்துவிடுகிறார்கள். திவாவும் பாதியிலேயே காணாமல் போகிறாள், அவளையும் டெரையும் மறுபடி எதிரெதிரே நிறுத்தியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் ஆதங்கம்.

நிர்வாணமும் கூட்டக்கொலையும் உண்டு, அனிமேஷன்தானே என்று பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு நல்ல ஹெட்போனோடு பாருங்கள், அலன் கொராகேரின் கிட்டார் இசைக்காகவே நான் இரண்டாம் முறை பார்த்தேன்.