அழிக்கும் டூலுக்கு விளக்கம் எங்கே எழுதுவது: தனிக் கோப்பிலா, டூலுக்குள்ளேயா?

எங்கள் குழுவில் ஒரு சின்ன டூல் இருக்கிறது. ஸ்டோரேஜில் தேங்கிக் கிடக்கும் பழைய ஃபைல்களைத் துடைத்துவிடும். முன்பு நாங்கள்தான் அதை ஓட்டுவோம். இப்போது கோடிங் ஏஜென்ட்களும் (சொன்ன வேலையைத் தாமே செய்யும் ஏஐ புரோகிராம்கள்) ஓட்டுகின்றன. அவற்றுக்கு இதன் ஆபத்தை எங்கே எழுதிவைப்பது? மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன்: ரெப்போவில் (கோடு இருக்கும் ஃபோல்டரில்) ஏஜென்ட்களுக்கென்றே ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்று ஒரு தனிக் கோப்பு, டூலை எம்சிபி சர்வராக (ஏஜென்ட்கள் நேரடியாகக் கூப்பிடக்கூடிய வடிவமாக) மாற்றி அதில் போடும் குறிப்பு, டூலின் ஹெல்ப்பும் எரர் மெசேஜும். கடைசியில் மூன்றாவதில்தான் நின்றேன்.

தனிக் கோப்பு எழுதுவது எளிது. ஏஜென்ட் வேலையைத் தொடங்கும்போதே படித்துவிடும். வேறு ரெப்போவில் இருந்துகொண்டு டூலைக் கூப்பிட்டால் கோப்பு அதன் கண்ணிலேயே படாது என்பது ஒரு குறை. அதைக்கூடச் சமாளித்திருப்பேன். என் மனதை மாற்றியது பராமரிப்பு.

முதலில் எங்கள் டூல் எந்த ஃபிளாகும் (கமாண்டோடு சேர்த்துத் தரும் கூடுதல் குறி) தராவிட்டால் பட்டியல் மட்டும் காட்டும். கோப்பிலும் அப்படியே எழுதியிருந்தேன். பிறகு இரவு வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று, ஃபிளாக் இல்லாமலே அழிக்கும்படி மாற்றினேன். டூலை மாற்றிய கை கோப்பைத் தொடவில்லை. இரண்டு வாரம் கழித்து ஏஜென்ட் ஒன்று, 'முதலில் பட்டியலைப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு டூலை ஓட்டியது. டெஸ்ட் சர்வரில் இருந்த படங்கள் போய்விட்டன. முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் மீட்டோம். ஏஜென்ட்மேல் தவறே இல்லை. நான் எழுதியதை நம்பி, எழுதியபடியே நடந்தது. பழசாகிப்போன எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிட மோசம் என்று அன்றுதான் உறைத்தது. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் அது ஹெல்ப்பையாவது திறந்து பார்த்திருக்கும்.

எம்சிபி வழியில் என் அனுபவம் குறைவு, மூன்று மாதம்தான். அதில் 'டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்' என்று ஒரு குறிப்பு உண்டு. அழிக்குமா, அழிக்காதா என்பதற்கு மட்டும் அது பதில் சொல்லும். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அழிக்கும் என்றே கொள்ளப்படும். அழிக்கும் முன் மனிதரிடம் அனுமதி கேட்க இது உதவும். ஆனால் எது போகும், போனது திரும்புமா என்பதை அந்த ஒரு குறிப்பில் சொல்ல முடியாது.

என்னைப் பொறுத்தவரை ஹெல்ப்பின் முதல் வரியிலேயே இந்த இரண்டும் இருக்க வேண்டும். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (git) டூலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் தள்ளிவிடும் 'ரீசெட் ஹார்ட்' கொடுத்தாலும், கமிட் செய்தவற்றை (கிட்டில் பதிந்தவற்றை) ரீஃப்ளாக் என்ற அதன் குறிப்பேடு மூலம் பெரும்பாலும் மீட்டுவிடலாம். 'கிளீன்' துடைப்பதோ கிட் கண்காணிக்காத ஃபைல்களை. அவை கிட்டின் கிடங்குக்குள் போனதே இல்லை, பிறகு எங்கிருந்து திரும்பும்? இரண்டையும் 'கவனமாகப் பயன்படுத்தவும்' என்ற ஒரே வரியில் அடைத்தால் ஏஜென்டுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

எரர் மெசேஜில் இன்னும் கவனம் தேவை. ஃபோர்ஸ் ஃபிளாக் இல்லாமல் 'கிட் கிளீன்' ஓட்டினால், அந்த ஃபிளாக் தரப்படவில்லை என்று சொல்லி மறுத்துவிடும். மனிதர் அங்கே ஒரு நொடி யோசிப்பார். ஏஜென்டுக்கோ அது அடுத்த படியைச் சொல்லிக்கொடுத்த மாதிரி. ஃபிளாகைச் சேர்த்து மறுபடி ஓட்டிவிடும். அதனால் எங்கள் டூல் மறுக்கும்போது ஃபிளாக் பெயரைச் சொல்வதில்லை. 'பட்டியல் எடுக்கவில்லை. எடுத்து, உங்களிடம் வேலை சொன்னவருக்குக் காட்டுங்கள்' என்கிறது. சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் டூலில், என்னென்ன மாறும் என்று காட்டும் பிளானைச் சேமித்துவைத்து அதை மட்டும் அப்ளை செய்யலாம். இடையில் நிலைமை மாறியிருந்தால் பிளான் பழசு என்று மறுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் இதையும் செய்தேன். பட்டியல் எடுத்தால் ஓர் எண் வரும், அந்த எண்ணைத் தந்தால் மட்டுமே அழிக்கும்.

பராமரிப்பும் இங்கேதான் தீர்ந்தது. ஹெல்ப்பில் உள்ள ஒவ்வொரு உதாரணத்தையும் ஒரு டெஸ்ட் தற்காலிக ஃபோல்டரில் ஓட்டிப் பார்க்கிறது. விளக்கம் ஒன்று சொல்லி டூல் வேறொன்று செய்தால் பில்ட் (டூலின் புதிய பதிப்பைத் தயாரிக்கும் வேலை) நின்றுவிடும். நான் மறந்தாலும் அது மறக்காது.

ஆனால் எங்கள் டூலில் உள்ளவை நான்கே கமாண்டுகள். ஐம்பது கமாண்டு உள்ள டூலில் இது தாங்குமா என்று நான் சோதித்ததில்லை. நம் கையில் இல்லாத டூல் என்றால் தனிக் கோப்பை விட்டால் வழியும் இல்லை. ஃபைல்களை வேறிடத்துக்குப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் (rsync) டூலில் மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஸ்லாஷ் இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். கூடவே, மூலத்தில் இல்லாதவற்றை மறுபக்கத்தில் அழிக்கும் டிலீட் ஃபிளாகும் இருந்தால், அந்த ஒரு ஸ்லாஷை வைத்துத்தான் மறுபக்கத்தில் எது அழியும் என்பதே முடிவாகும். எங்கள் ஏஜென்ட்ஸ் டாட் எம்டியில் இப்போது மிச்சமிருப்பது இந்த ஸ்லாஷ் பற்றிய மூன்று வரிகள் மட்டும்தான்.