மருமகளின் அம்மம்மாவோடு பேச ஓர் ஆப்பிரிக்கான்ஸ் ரீச்சர்

மருமகளின் அம்மம்மா அப்பிங்டனில் இருக்கிறார். தென்னாபிரிக்காவில் ஒரேஞ்ச் ஆற்றங்கரையில் திராட்சை விளையும் ஊர். ஆங்கிலம் அவருக்குத் தெரியும், பேசத்தான் விருப்பமில்லை. வீடியோவில் என்னைக் கண்டால் சிரிப்பார், கையாட்டுவார், பிறகு போனை மருமகளிடம் கொடுத்துவிடுவார். அங்கே போய் அவர் வீட்டில் தங்குவதாகப் பேச்சு வந்ததும் அவர் பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் படிக்கலாம் என்று இறங்கினேன். திருகோணமலையில் அதற்கு எங்கே ஆள் தேடுவது? ஒன்லைன் தனி வகுப்புதான் வழி.

முதலில் அமைந்த ஆசிரியர் சரிவரவில்லை. அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர்தான். ஆனால் வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் கிரிக்கெட் கதை, கடைசிப் பத்து நிமிடம் நிறங்களின் பெயர். தாய்மொழிக்காரர் என்பதை மட்டும் பார்த்துக் காசு கட்டாதீர்கள்.

இப்போதைய ரீச்சர் பார்ல் என்ற ஊர்க்காரி. அந்த ஊர் மலையில் ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்கென்றே 1975இல் திறந்த நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் நாளே அவர் கேட்டது, "யாரோடு பேசப் போகிறீர்கள்? அவர் என்ன சாப்பிடுவார்? நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்?" நான் சைவம் என்றதும் சிரித்துவிட்டார். அங்கே விருந்தென்றால் 'பிராய்', அதாவது விறகு நெருப்பில் இறைச்சி சுடுவது. ஆகவே நான் ஒழுங்காகச் சொல்லப் பழகிய முதல் வசனம் "எக் இயட் நீ ஃப்ளெய்ஸ் நீ": நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. மறுப்புச் சொல்லை இரண்டு தரம் போடுவது அந்த மொழியின் வழக்கம். அத்தோடு கோழியைத் தனியாகச் சொல்லுங்கள், சில வீடுகளில் கோழி இறைச்சிக் கணக்கில் வராது என்றும் எச்சரித்தார். எந்தப் பாடப்புத்தகத்தில் இது கிடைக்கும்?

பயந்த அளவுக்கு இலக்கணம் கஷ்டமில்லை. நான், நீ, அவன் என்று ஆள் மாறினாலும் வினைச்சொல் மாறாது. ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. மரியாதை விஷயத்தில் எங்கள் வீட்டுப் பழக்கமே அங்கேயும். பெரியவரிடம் 'நீங்கள்' என்பதைவிட உறவுமுறையையே சொல்லிக் கேட்பார்கள். "ஓமா சாப்பிட்டாச்சா?" என்று அம்மம்மாவிடமே நேரில் கேட்கலாம். வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் 'டானி'. ரீச்சரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார், நம் பிள்ளைகள் 'அன்ரி' என்பதுபோல. ஆப்பிரிக்கான்ஸ் உலாந்தாக்காரரின் டச்சு மொழியிலிருந்து வந்தது. அதனால் அவர்கள் இங்கே விட்டுப்போன போஞ்சியும் கந்தோரும் பாடத்தில் வந்தபோது அதிகம் மெனக்கெடவே தேவைப்படவில்லை.

என்னை வதைத்தது எண்கள். 85 என்றால் முதலில் ஐந்து, பிறகு எண்பது. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். காதில் விழுகிற தொகையைக் கை தானாக எழுதிவிடும், அதுவும் தலைகீழாக. இதற்கு ரீச்சர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அவர் போகும் கடையின் பில்லைப் படம் எடுத்து அனுப்பி, தக்காளி எவ்வளவு, பால் எவ்வளவு என்று வாசிக்க வைத்தார். கொஞ்சம் வேகம் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு வட்ஸ்அப் குரல்பதிவில் விலைகளைச் சொல்லி என்னைக் கூட்டச் சொன்னார். இப்போதும் தடுமாறுவேன், ஆனால் பயமில்லை.

ஒரு விஷயம் மனதுக்குள் நெருடிக்கொண்டே இருந்தது. 1976இல் ஜொகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவெட்டோவின் கறுப்பின மாணவர்கள் வீதிக்கு இறங்கியது இந்த மொழியைப் பள்ளிகளில் திணித்ததற்கு எதிராகத்தான். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் கதை கேட்டு வளர்ந்த எனக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தயங்கித்தான் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. அவர் 'கலர்ட்' என்று அங்கே அழைக்கப்படும் கலப்பு வம்சாவளிச் சமூகத்தைச் சேர்ந்தவர்; ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் வெள்ளையர் அல்லாதவர்களே அதிகம். அவர்கள் வீட்டில் பேசுவதைப் பள்ளியில் கொச்சை என்று திருத்துவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கேப் டவுன் முஸ்லிம்கள் இந்த மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். கிண்ணியாவில் இருக்கும் என் பழைய வங்கித் தோழியிடம் சொன்னேன். "எங்கட அரபுத்தமிழ் மாதிரியா?" என்றாள். அதேதான்.

சரி, குறைகள். குறிப்பு என்று எதையும் எழுதித் தரமாட்டார். எழுத்துக்கூட்டலை நானே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளக்கம் ஆங்கிலத்தில், அதுவும் படுவேகம். இரண்டு தடவை சொல்லச் சொன்னால் சொல்வார், கேட்கத்தான் வேண்டும். சான்றிதழ், பரீட்சை என்று யோசிப்பவர்களுக்கு இவர் ஆள் இல்லை.

மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 5000 ரூபா வருகிறது. கணக்கு தென்னாபிரிக்கக் காசான ராண்டில் என்பதால் கூடிக் குறையும், கார்டில் கட்டினால் வங்கியும் தன் பங்கை எடுக்கும். ஓய்வூதியக்காரிக்கு இது சின்னக் காசில்லை. அதனால் கிழமைக்கு ஒன்று, மிச்சம் குரல்பதிவுப் பயிற்சி. பத்து வகுப்புக்கு மொத்தமாகக் கட்டினால் கழிவு உண்டு. ஆனால் குறித்த காலத்துக்குள் முடிக்காவிட்டால் காசு போய்விடும், நான் எடுக்கவில்லை.

அங்கே மாலை நான்கு என்றால் இங்கே ஏழரை. சமையலை முடித்துவிட்டு உட்கார வசதியான நேரம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே பள்ளி விடுமுறை, ரீச்சரும் வகுப்பு எடுக்கமாட்டார். தொடங்க நினைப்பவர்கள் அதைப் பார்த்துத் தொடங்குங்கள்.